கேட்காமலே தட்டுக்கு வருவது எது? தென்கிழக்காசியச் சாப்பாடு சொல்லித்தரும் பாடம்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

எனக்கு ரெண்டு விதமான மெசேஜ் அடிக்கடி வரும். வியட்நாமுக்கோ பாலிக்கோ டிக்கெட் போட்டவங்க, "அங்க சாப்பாடு எல்லாம் ரொம்ப ஹெல்தியாமே, அப்படியா?"ன்னு கேட்பாங்க. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவங்க, "வந்து ஆறு மாசம்கூட ஆகல, பேன்ட் எல்லாம் டைட் ஆயிடுச்சு"ன்னு புலம்புவாங்க. ரெண்டு பேரும் பேசுறது உலக வரைபடத்துல ஒரே மூலையைப் பத்திதான்.

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். அது எப்படின்னுதான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

நான் மென்பொருள் எழுதுற ஆள். எங்க தொழில்ல ஒரு விஷயம் நல்லாத் தெரியும். ஒரு ஆப்ல நூறு செட்டிங் இருந்தாலும், முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க. எது டிஃபால்ட்டா இருக்கோ, அதுதான் கடைசி வரைக்கும் ஓடும். சாப்பாடும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது. ஒரு ஊர்ச் சாப்பாடு உடம்புக்கு நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சுக்க, அந்த ஊரோட பிரபலமான பத்து டிஷ்ஷைப் பார்த்தா போதாது. நீங்க வாயைத் திறந்து கேட்காமலே உங்க மேசைக்கு என்ன வருதுன்னு பார்க்கணும்.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா, எங்க அப்பாவுக்கு 42 வயசுல சர்க்கரை நோய் வந்துச்சு. போன வருஷம் ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல எனக்கு ஹெச்பிஏ1சி 5.9. 5.7-லிருந்து 6.4 வரைக்கும் இருந்தா அதுக்குப் பேர் ப்ரீடயாபெட்டிஸ். இன்னும் நோய் வரல, ஆனா வாசல்ல வந்து நிக்குது. அப்புறம்தான் சோறு சாப்பிடுற மத்த ஊர்க்காரங்க எப்படிச் சாப்பிடுறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். வேலை விஷயமா சில மாசம் சிங்கப்பூர்ல இருந்ததும் உதவியா இருந்துச்சு.

தென்கிழக்காசியான்னா பதினோரு நாடு. எல்லாத்தையும் ஒரே எபிசோட்ல பேச முடியாது. வியட்நாம், இந்தோனேசியா, தாய்லாந்து, அப்புறம் சிங்கப்பூர்-மலேசியா. இந்த வரிசையில போவோம்.

வியட்நாம்: இலைத் தட்டு

வியட்நாம்ல நூடுல்ஸ் கடையில உட்காருறீங்க. 'ஃபோ' சொல்றீங்க. மாட்டு எலும்பையோ கோழியையோ மணிக்கணக்கா கொதிக்கவெச்ச சூப், அதுல பட்டை, அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம். உள்ள அரிசி நூடுல்ஸ், மேல மெல்லிசா வெட்டின கறி. இதுக்குத்தான் நீங்க ஆர்டர் கொடுத்தீங்க. பல கடைகள்ல, அதுவும் தெற்குப் பக்கம், கூடவே இன்னொரு தட்டு வரும். தாய்லாந்துத் துளசி, ரம்பம் மாதிரி விளிம்பு இருக்கிற நீளக் கொத்தமல்லி, முளைகட்டின பயறு, எலுமிச்சை, பச்சை மிளகாய். இதை யாரும் ஆர்டர் பண்றதில்லை. அதுவா வரும்.

'பூன்' வகை நூடுல்ஸ் உணவுகள்ல இது இன்னும் அதிகம். பூன்னா மெல்லிய வட்ட அரிசி நூடுல்ஸ். நம்ம இடியாப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம். இடியாப்பத்தைப் பிழிஞ்சு ஆவியில வேகவைப்போம், பூனைக் கொதிக்கிற தண்ணியிலேயே பிழிவாங்க. அதோட லெட்டூஸ், புதினா, ஊதா நிறத்துல இருக்கிற பெரில்லா இலைன்னு ஒரு குவியலே வந்துடும். இலையைக் கிள்ளிப் போட்டு, நூடுல்ஸ், கறி எல்லாத்தையும் சேர்த்து ஒரு வாய். அவங்களுக்குக் கறிவேப்பிலையை ஓரமா ஒதுக்கி வைக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. இலைதான் சாப்பாட்டுல பாதி.

வீட்டுச் சாப்பாட்டுலயும் இதே அமைப்புதான். சோறு, ஒரு மீனோ கறியோ, ஒரு கீரையோ காயோ, எல்லாத்துக்கும் நடுவுல தண்ணியா ஒரு சூப். எல்லாரும் பொதுக் கிண்ணத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துச் சாப்பிடுவாங்க. சோறு இருக்கிற கிண்ணமும் கைக்குள்ள அடங்குற அளவுதான். உலகத்துல உடல் பருமன் ரொம்பக் குறைவா இருக்கிற நாடுகள்ல வியட்நாமும் ஒண்ணு. இந்த அமைப்புக்கு அதுல பெரிய பங்கு இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

இதுல ஓட்டையே இல்லையான்னு கேட்டா, இருக்கு. உப்பு. 'நூக் மாம்'னு சொல்ற மீன் சாஸ்தான் அங்க உப்புக்கு முக்கிய வழி. நெத்திலி மாதிரி சின்ன மீனை உப்போட சேர்த்து, பெரிய மரப் பீப்பாய்ல ஒரு வருஷம் போல ஊறவெச்சு வடிக்கிறது. ஃபூ குவோக் தீவு இதுக்குப் பேர் போன இடம். ருசி பிரமாதம். ஆனா ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸ்ல சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம் இருக்கு. பெரியவங்க ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள்ள நிறுத்தணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. அதனால மேசையில இருக்கிற பாட்டிலைக் கவிழ்க்காதீங்க. தண்ணி, எலுமிச்சை, பூண்டு கலந்து நீர்க்கவெச்ச தொட்டுக்கிற சாஸே போதும். சூப் குடிங்க, ஆனா கிண்ணத்தின் அடி தெரியுற வரைக்கும் குடிக்கணும்னு கட்டாயம் இல்லை.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெருசு. 2010-ல வியட்நாம்ல 5 முதல் 19 வயசு வரையிலான பிள்ளைகள்ல அதிக எடையோட இருந்தவங்க 8.5 சதவீதம். 2020-ல அது 19 சதவீதம். பத்தே வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல. இந்தப் பத்து வருஷத்துல பாட்டியோட சமையல் குறிப்பு மாறல. ஃபோ அதே ஃபோதான். மாறினது என்னன்னா, பள்ளிக்கூட வாசல்ல கையில கிடைக்கிறது. இனிப்புப் பானம், பொட்டலத் தின்பண்டம், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ். தலைக்கு எத்தனை பாக்கெட் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்னு கணக்குப் போட்டா, 2021-ல தென்கொரியாவையே முந்தி வியட்நாம் முதலிடத்துக்கு வந்துடுச்சு. ஒருத்தருக்கு வருஷத்துக்கு 80 பாக்கெட்டுக்கு மேல. அந்தப் பாக்கெட்டோட இலைத் தட்டு வராது, பாருங்க.

ஜாவா: பூஞ்சை கட்டின சோயா

அடுத்தது இந்தோனேசியா. அங்க ஜாவா தீவு உலகத்துக்குக் கொடுத்த ஒரு பெரிய பொருள் டெம்பே. இதைக் கொஞ்சம் விளக்கமாப் பார்ப்போம், ஏன்னா நம்ம வீட்டுச் சைவச் சாப்பாட்டுல புரதம் எங்கேன்னு தேடுறவங்களுக்கு இது நேரடியா உதவும்.

சோயாவை ஊறவெச்சு, தோலை நீக்கி, வேகவெச்சு, ஈரம் போக ஆறவிடுவாங்க. அதுல 'ராகி'ன்னு ஒரு பொருளைத் தூவுவாங்க. நம்ம கேழ்வரகு இல்லை, அது ரைசோபஸ் வகைப் பூஞ்சையின் வித்து. அப்புறம் வாழையிலையில பொட்டலம் கட்டி வைப்பாங்க. இப்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையும் உண்டு. 30 டிகிரி வெப்பத்துல ஒண்ணரை, ரெண்டு நாள்ல பூஞ்சை வெள்ளை நூல் நூலா வளர்ந்து, சோயா மணிகளை எல்லாம் இறுக்கிக் கட்டிடும். பிரிச்சா வெள்ளையா ஒரு கட்டி. கத்தியால வெட்டலாம்.

நாமளும் மாவைப் புளிக்கவைக்கிறவங்கதான். ஆனா இட்லி மாவுல வேலை செய்றது முக்கியமா பாக்டீரியா, அதனாலதான் புளிப்பு. டெம்பேல வேலை செய்றது பூஞ்சை. புளிப்பு இருக்காது, காளான் மாதிரி ஒரு வாசம் இருக்கும். ஊறவெச்சு, வேகவெச்சு, இந்தப் பூஞ்சையும் வளர்ந்து முடிக்கும்போது, வயித்துல வாயுவை உண்டாக்குற சர்க்கரைகள் கணிசமாக் குறைஞ்சிடும். இரும்பு, துத்தநாகச் சத்தை உடம்பு உறிஞ்சவிடாம தடுக்கிற ஃபைட்டிக் அமிலமும் குறையும். 100 கிராம் டெம்பேல 19, 20 கிராம் புரதம். அதோட நார்ச்சத்தும் இருக்கும், ஏன்னா டோஃபு மாதிரி பாலை மட்டும் பிழிஞ்சு எடுக்கல, முழு மணியும் அப்படியே உள்ள இருக்கு.

இதுல முக்கியமான விஷயம், ஜாவாவுல டெம்பே டயட்ல இருக்கிறவங்களுக்கான பொருள் கிடையாது. தெருவோரச் சாப்பாட்டுக் கடையில முட்டை, மீனுக்குப் பக்கத்துலயே இருக்கும். மாசச் சம்பளம் குறைவா இருக்கிறவங்களோட அன்றாடப் புரதம் அதுதான்.

ரெண்டு எச்சரிக்கை சொல்லிடறேன். ஒண்ணு, டெம்பேல பி12 வைட்டமின் இருக்குன்னு இணையத்துல நிறையப் பேர் சொல்வாங்க. அந்தப் பூஞ்சை பி12-ஐ உருவாக்காது. கூட வளர்ற சில பாக்டீரியா இருந்தா கொஞ்சம் கிடைக்கும், இல்லைன்னா இல்லை. முட்டை, பால்கூடத் தொடாதவங்க இதை நம்பி இருக்கக்கூடாது. ரெண்டு, அங்க டெம்பேயைப் பெரும்பாலும் எண்ணெயில பொரிச்சுத்தான் கொடுப்பாங்க. வீட்டுல செய்றதா இருந்தா துண்டு போட்டு, மிளகு, மஞ்சள் தடவி தோசைக்கல்லுல வாட்டினாலே போதும். சென்னை, பெங்களூருல ஆன்லைன் கடைகள்ல இப்ப டெம்பே கிடைக்குது.

ஜாவாவோட மேற்குப் பக்கம் சுண்டா மக்கள் இருக்காங்க. அவங்க மேசையிலயும் வியட்நாம் மாதிரியே ஒரு பச்சைத் தட்டு உண்டு. 'லாலாப்'னு பேர். வெள்ளரி, முட்டைக்கோஸ், பச்சைக் காராமணி, எலுமிச்சை வாசம் அடிக்கிற துளசி. சம்பாலைத் தொட்டுக்கிட்டு அப்படியே கடிச்சுச் சாப்பிடுறது. சைவக்காரங்க ஒரு விஷயம் கவனிங்க, சம்பால்ல பெரும்பாலும் இறால் விழுது கலந்திருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாது, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

தாய்லாந்து: எலுமிச்சை பிழிஞ்சா வெந்ததாகாது

இதுவரைக்கும் கேட்டதை வெச்சு, "அப்போ பழங்காலப் பழக்கம் எல்லாம் நல்லது, புதுசா வந்தது எல்லாம் கெட்டது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. தாய்லாந்தோட வடகிழக்கை 'இசான்'னு சொல்வாங்க. பச்சைப் பப்பாளியைச் சீவி, உரல்ல இடிச்சுச் செய்ற 'சொம் தம்' அந்தப் பகுதிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த உணவு. காய், புளிப்பு, காரம், நிலக்கடலை. அருமையான பண்டம்.

அதே இசான்ல 'கோய் பிளா'ன்னு இன்னொரு உணவு உண்டு. ஆத்து மீனைப் பச்சையா நறுக்கி, எலுமிச்சை, மிளகாய், மூலிகை சேர்த்துச் சாப்பிடுறது. அந்த மீன்கள்ல கல்லீரல் தட்டைப்புழுவின் குஞ்சு இருக்கும். எலுமிச்சை பட்டதும் மீன் சதை வெள்ளையாயிடும், வெந்த மாதிரியே தெரியும். ஆனா அது புரதம் இறுகுறதுதான், புழு சாகாது. உடம்புக்குள்ள போய்ப் பித்தக் குழாய்ல வருஷக்கணக்கா தங்கி, கடைசியில புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். பித்தக் குழாய்ப் புற்றுநோய் உலகத்துலயே மிக அதிகமா இருக்கிற இடம் வடகிழக்குத் தாய்லாந்து. கோன் கேன் பல்கலைக்கழக மருத்துவர்கள் கிராமம் கிராமமாப் போய்ப் பரிசோதனை செஞ்சு, மீனை வேகவெச்சுச் சாப்பிடுங்கன்னு பல வருஷமாச் சொல்லிட்டு இருக்காங்க. நல்லா சூடுபடுத்தினா புழு செத்துடும். பிரச்சினைக்குத் தீர்வு ஒரு அடுப்புதான். ஆனா தாத்தா காலத்துல இருந்து மேசைக்கு வர்ற பண்டத்தை மாத்துறது லேசான காரியம் இல்லை.

தாய்லாந்துல இன்னொரு கவனம் சர்க்கரை. சொம் தம்மிலகூடப் பனைவெல்லம் விழும். டீ, காபியில கேட்கவே வேண்டாம். அங்க ஒரு சொல் கத்துக்கங்க: 'வான் நோய்'. நம்ம காதுக்கு 'நோய்'னு விழும், ஆனா அவங்க மொழியில 'நோய்'னா கொஞ்சம். 'இனிப்பு கொஞ்சமா'ன்னு அர்த்தம். நோயைத் தள்ளிப்போடுற 'நோய்'னு ஞாபகம் வெச்சுக்கலாம்.

சிங்கப்பூர், மலேசியா: கோப்பிக் கடையில கேட்காம வர்ற சர்க்கரை

இப்ப நம்ம ஆட்கள் அதிகமா இருக்கிற இடத்துக்கு வருவோம். சிங்கப்பூர்ல உணவங்காடி நிலையம்னு சொல்ற ஹாக்கர் சென்டர்ல நீங்க வெறுமனே 'கோப்பி' கேட்டா, கண்டென்ஸ்டு மில்க் போட்டுத் தருவாங்க. அந்தப் பாலோட எடையில ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்துல, வெயில் ஊர்ல கெடாத பால் அதுதான், அப்படியே நிலைச்சுடுச்சு. 'கோப்பி ஓ' கேட்டா பால் இருக்காது, சர்க்கரை இருக்கும். 'கோப்பி சி' கேட்டா எவாப்பரேட்டட் மில்க், அதுலயும் சர்க்கரை இருக்கும். நம்ம ஆட்கள் ஆத்துற தே தாரிக்கும் கண்டென்ஸ்டு மில்க்தான். அதாவது சாதாரணமா நீங்க கேட்கிற எல்லாத்துலயும் சர்க்கரை டிஃபால்ட். வேண்டாம்னா நீங்கதான் சொல்லணும். 'சியூ தாய்'னா சர்க்கரை கம்மி. 'கோசோங்'னா மலாய்ல காலி, சர்க்கரையே இல்லை.

வியட்நாம்ல கேட்காம இலை வருது. இங்க கேட்காம சர்க்கரை வருது. ஆறு மாசத்துல பேன்ட் ஏன் டைட் ஆச்சுன்னு கேட்டவங்களுக்கு, முதல்ல தினமும் எத்தனை கோப்பின்னு எண்ணிப் பார்க்கச் சொல்வேன். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரைன்னா, 250 மில்லி கிளாஸ் ஒண்ணுல 25 கிராம். முடிஞ்சா ஒரு நாளைக்கே இதுக்குள்ள நிறுத்துங்கன்னு உலக சுகாதார அமைப்பு சொல்ற அளவு சுமார் 25 கிராம்தான்.

இந்த நாடுகளோட அரசாங்கங்களுக்கும் இது தெரியும். மலேசியாவோட 2019 தேசியச் சுகாதார ஆய்வுல, பெரியவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு நீரிழிவு. அதே வருஷம் ஜூலைல 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கிற பானங்களுக்கு அங்க வரி போட்டாங்க. தாய்லாந்து 2017-லயே போட்டுடுச்சு. சிங்கப்பூர் 2016-ல நீரிழிவு மேல போர்னே அறிவிச்சு, அப்புறம் 'நியூட்ரி-கிரேட்' முறையைக் கொண்டுவந்துச்சு. பானத்துல இருக்கிற சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு ரெண்டையும் வெச்சு ஏ, பி, சி, டின்னு மதிப்பெண். சி, டி வாங்கினா அதைப் பாட்டில் மேல போட்டே ஆகணும். டி வாங்கினதை விளம்பரம் செய்யக்கூடாது. 2022 டிசம்பர் 30-ல பாட்டில், டின் பானங்களுக்கு வந்துச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு, கடையில கலக்கித் தர்ற பானங்களுக்கும் வந்துச்சு.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, வாங்குறவங்க லேபிளைப் படிச்சாங்களோ இல்லையோ, தயாரிக்கிறவங்க படிச்சுட்டாங்க. டி எழுத்து வாங்கக்கூடாதுன்னு கம்பெனிகளே சர்க்கரையைக் குறைச்சாங்க. சிங்கப்பூர்ல விக்கிற பாட்டில் பானங்களோட நடு அளவுச் சர்க்கரை 2017-ல 7.1 சதவீதம், 2023-ல 4.6 சதவீதம். கடைக்காரர்கிட்ட யாரும் கெஞ்சல. டிஃபால்ட்டை மாத்தினாங்க, அவ்வளவுதான்.

ஹாக்கர் சென்டர்ல நல்ல சாப்பாடே இல்லையான்னா, தாராளமா இருக்கு. மீன் துண்டு போட்ட தெளிவான சூப், நாமளே டோஃபு, கீரை, காளான்னு எடுத்துக் கொடுக்கிற யோங் தாவ் ஃபூ, ஹக்கா மக்களோட இலைச் சாறு ஊத்தின லெய் சா சோறு. தட்டை எப்படி நிரப்புறதுன்னு மலேசியாவுல மூணே வார்த்தையில சொல்லித் தர்றாங்க: 'சுக்கு, சுக்கு, செபாரு'. கால், கால், பாதி. தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, மிச்சம் பாதி காயும் பழமும்.

நம்ம வீட்டுக்கு என்ன எடுத்துட்டு வரலாம்?

இதைக் கேட்டுட்டு நாளைக்கே பெரில்லா இலை தேடி அலைய வேண்டாம். நான் என் சமையலறையில மாத்தினது நாலு விஷயம்தான்.

முதல்ல, பச்சைத் தட்டு. வெள்ளரி, கேரட், முள்ளங்கி, வெங்காயம், புதினா, எது இருக்கோ அதை நல்லாக் கழுவி நறுக்கி, சோறு வர்றதுக்கு முன்னாடியே மேசையில வெச்சிடுவேன். கேட்டாத்தான் வரும்ங்கிற நிலை இருக்கக்கூடாது.

ரெண்டாவது, வரிசை. காயையும் புரதத்தையும் முதல்ல சாப்பிட்டுட்டு, சோத்தைக் கடைசியில சாப்பிட்டா, சாப்பாட்டுக்கு அப்புறம் ரத்தச் சர்க்கரை ஏறுறது குறையுதுன்னு ஆய்வுகள் காட்டுது. அதே சாப்பாடுதான், வரிசை மட்டும் வேற.

மூணாவது, தினமும் ஒரு நேரமாவது தட்டுல ஒழுங்கான புரதம். டெம்பேதான் வேணும்னு இல்லை. சுண்டல், முட்டை, மீன், எது கைக்கு எட்டுதோ அது.

நாலாவது, டீக்கடையில 'சர்க்கரை இல்லாம'. நம்ம ஊர் கோசோங். முதல் ரெண்டு வாரம் கசக்கும். மூணாவது வாரம் மாஸ்டர், நம்ம முகத்தைப் பார்த்ததுமே சர்க்கரை போடாம கிளாஸை நீட்டுவார். அங்க டிஃபால்ட் மாறிடுச்சுன்னு அர்த்தம்.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவங்க பெரிய மாற்றம் எதுவும் செய்றதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க. நான் இன்ஜினியர், மருத்துவர் இல்லை.

அடுத்த எபிசோட்ல மீன் சாஸ், கருவாடு, இறால் விழுது மூணையும் வெச்சு, உப்பு எப்படி ருசியா மாறுதுன்னு பேசலாம். உங்க வீட்டு மேசையில கேட்காமலே வர்றது என்னன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. வரட்டுமா?